ஊரில் போட்டு வைத்தவர்

சிமெண்ட்கடை வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. நான் போகப்போவதில்லை என்றதும் நீங்கள் இரண்டு பேரும் "ஏம்ப்பா?" என்று கேட்டீர்கள். உங்கள் அம்மா, "அவரு அப்படித்தான், விடுங்க" என்று சொல்லி முடித்துவிட்டாள். அப்படித்தான் என்று விட எனக்கு மனசில்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் கோபம் வந்து பாதியில் நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரைக்கும் படித்த பஞ்சர்கடைக்காரன் எழுத்து. தப்பிருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஜீப்புத் தாத்தாவை உங்களுக்குத் தெரியும். நம் கடைவாசலில் பழைய லாரி டயரின் மேல் உட்கார்ந்து, ரோட்டைப் பார்க்காமல் ரோட்டின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாரே, அவர்தான். நீங்கள் பார்த்தது அவருடைய கடைசிக் காலம். அதற்கு முன்னால் எத்தனையோ வருஷம், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி, மலைக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிப்பெண்களைக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திருப்பிக் கூட்டிவந்தவர். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரை ஒருநாள் மைக்கில் ஊர் கேட்க வாசித்தார்கள். அந்த ஒருநாள் போதும்.

நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். சொந்தமில்லை, நம் தெருக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ஜீப்புல எடமில்ல மாப்ள" என்பார். மேலே தோட்டத்து மலையாளிகளிடமிருந்து அவர் பிடித்துக்கொண்டு வந்தது ஒரே ஒரு வார்த்தை. "மதி." போதும் என்று அர்த்தம். ஜீப்பில் ஆள் நிறைந்ததும், "மதி மதி, மத்தவுக அடுத்த வண்டில வாங்கத்தா" என்று கதவை அடைப்பார். பந்தியில் மறுசோறு வந்தால் இலைக்கு மேல் கையைக் குடை மாதிரி பிடித்து "மதி" என்பார். எதிலும் போதும் என்று சொல்லத் தெரிந்த மனுஷனுக்கு, மொய் எழுதுவதில் மட்டும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

ஜீப்பின் சீட்டுக்கு அடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை இருக்கும். அதற்குள் தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டையும் வேட்டியும் எப்போதும் தயாராக இருக்கும். மலையிலிருந்து இறங்கிய வேகத்தில் நம் கடைக்குப் பின்னால் முகம் கழுவி, உடுப்பு மாற்றி, ஏதாவது ஒரு காதுகுத்துக்கோ சடங்குக்கோ புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கோ கிளம்பிவிடுவார். மொய் எழுதுகிறவர்கள் வந்து உட்காருவதற்கு முன்னாலேயே மேசைக்கு எதிரே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "சாப்பிட்டு வந்து எழுதுங்கண்ணே, என்ன அவசரம்?" என்றால் அவருக்குப் பிடிக்காது.

"ஏலே, சாப்பிட்டுட்டு எழுதுனா அது ஓட்டல் பில்லு. சாப்பிடாம எழுதுனாத்தான் மொய்யி."

ஒரு மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து ஜீப்புகள் ஓடாமல் நின்றன. கையில் காசில்லை. வீரபாண்டிப் பக்கம் ஒரு கல்யாணம். அவருக்கு அந்தக் குடும்பத்தோடு என்ன உறவு என்று கேட்டால் அவராலேயே சரியாகச் சொல்ல முடியாது. ஜீப்பின் ஸ்டெப்னி டயரை உருட்டிக்கொண்டு நம் கடைக்கு வந்துவிட்டார்.

"இத வச்சுக்கிட்டுக் கொஞ்சம் குடு மாப்ள. ரோடு தெறந்ததும் மீட்டுக்குறேன்."

"ஸ்டெப்னி இல்லாம மலை ஏறுவீகளா மாமா? கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"டயரு வெடிச்சா நீ ஒட்டிருவ. இந்தக் கல்யாணம் விட்டுப்போச்சுன்னா எவன் ஒட்டுவான்?"

எனக்கு எரிச்சலாக வரும். காசைக் கையில் தங்கவே விடமாட்டேன் என்கிறாரே என்று. ஜீப்பு ஸ்டாண்டுக்குத் தபாலாபீஸ் சேமிப்புப் பிடிக்கிற அக்கா ஒருவர் மாதாமாதம் வருவார். எல்லா டிரைவர்களிடமும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிப் போட்டுவைப்பார். மாமாவிடம் மட்டும் அவர் பருப்பு வேகாது.

"எனக்கு வீட்டுக்கு வீடு பேங்க் இருக்குத்தா. கூடலூர்ல இருக்கு, பண்ணைப்புரத்துல இருக்கு, மயிலாடும்பாறை வரைக்கும் கிளை போட்டு வச்சிருக்கேன்."

"பாஸ்புக் எங்கண்ணே?"

"அவுகவுக வீட்டு மொய் நோட்டு எதுக்கு இருக்கு? அம்புட்டும் என் பாஸ்புக்குத்தான்."

"அதுக்கு விசேஷம் வைக்கணுமேண்ணே. பொண்டாட்டி பிள்ளை இல்லாத ஆளு என்ன விசேஷம் வைப்பீக?"

இந்தக் கேள்விக்கு அவர் ஒருநாளும் தடுமாறியதில்லை. "வேலைய விடுற அன்னைக்கு வைப்பேன். பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு வேல முடிஞ்சா மாலை போட்டு, மேளம் வச்சு, வீடு வரைக்கும் கொண்டாந்து விடுறாகளா இல்லையா? ஊரே போகுதா இல்லையா? நான் மட்டும் என்ன கொறச்சலா ஓட்டிருக்கேன்?"

ஸ்டாண்டே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவர் கேட்டதில் என்ன தப்பு? சம்பளக்காரனுக்கு என்றைக்கு நிறுத்த வேண்டும் என்று கவர்மெண்டே தேதி குறித்துக் கொடுக்கிறது. நிறுத்தினால் சாப்பாட்டுக்கும் வழி செய்கிறது. ஜீப்பு ஓட்டுகிறவனுக்கும் ஏலக்காய் பறிக்கிறவளுக்கும் பஞ்சர் ஒட்டுகிறவனுக்கும் தேதி குறிப்பது யார்? கண்ணும் முழங்காலும்தான் குறிக்கின்றன.

மாமாவுக்குக் கண் குறித்தது.

அவர் ஜீப்பில் முன்சீட்டில் எப்போதும் உட்காருகிறவர் பேச்சியம்மா. தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. அந்த வாய்க்கு மலையே வழிவிடும். அவர்தான் முதலில் என்னிடம் வந்து சொன்னார். "தம்பி, உன் மாமனுக்குக் கண்ணு போச்சு. பனி எறங்குனா வளைவே தெரியல. 'பேச்சி, வெள்ளைக்கோடு எந்தப்பக்கம் இருக்கு?'ன்டு எங்கிட்டக் கேட்டு ஓட்டுறாரு. எனக்குப் பயமா இருக்கு. பின்னாடி இருக்கிற புள்ளைகளுக்குத் தெரியாது, சினிமாப்பாட்டு பாடிக்கிட்டு வருதுக."

நான் கடையைச் சாத்திவிட்டு அவரைத் தேனிக்குக் கூட்டிப்போனேன். கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, நரம்பு காய்ந்துகொண்டே வருகிறது, போனது வராது, சொட்டுமருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், பனியில் வண்டியைத் தொடவே கூடாது என்றார். திரும்பும்போது பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து திராட்சைத் தோட்டங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் சொன்னார், "இந்தத் தையோட மதி மாப்ள."

அவர் திட்டம் இவ்வளவுதான். ஊரில் போட்டு வைத்தது திரும்பி வந்ததும் அதைத் தபாலாபீசில் போடுவது. மாதம் வருகிற வட்டியில் அரிசி, வாடகை, சொட்டுமருந்து. ஜீப்பை நம்ப முடியாது. அது இரும்பு விலைக்குத்தான் போகும். நம் கடைத்தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் வட்டமாகப் போட்டு, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு வீட்டின் பெயரைச் சொன்னார். நடுவில் பெரிதாக ஒரு வட்டம். "இது மருமகன். இவன் ஒருத்தன் செஞ்சான்னா மத்தவனெல்லாம் தானா செய்வான்."

அந்த மருமகன்தான் சிமெண்ட்கடைக்காரர். மாமாவுடைய அக்கா மகன். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவது நம் வழக்கம். நீங்களும் உங்கள் மாமன் மடியில் கத்தியவர்கள்தான். சிமெண்ட்கடைக்காரருக்குக் காது குத்தியபோது மாமாவுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. தன் பங்குக்கு வந்த காட்டை விற்று, கிடா, அரிசிமூட்டை, பட்டுத்துணி, தங்கக் கடுக்கன், வாழைத்தார் என்று கொட்டுமேளத்தோடு சீர் கொண்டுபோனாராம். அது போதாதென்று தனியாக மேசைக்கும் போய் மொய் எழுதினாராம். அப்புறம் அந்தப் பிள்ளையின் கல்யாணம், வீடு பால்காய்ச்சு எல்லாவற்றிலும் முதல் மொய் இவருடையது. அந்த வருமானத்துக்கு அது சின்னக் காசில்லை.

மருமகனைப் பார்க்க நானும் கூடப் போனேன். சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். மரியாதைக்குக் குறைவில்லை.

"வண்டிய நிறுத்திரலாம்ன்டு இருக்கேன் மருமகனே. கண்ணு சரியில்ல. அன்னைக்கு ஒரு விருந்து வைக்கலாம்ன்டு..."

"நிறுத்துங்க மாமா. இந்த வயசுல எதுக்கு மலை ஏறிக்கிட்டு? ஆனா விருந்துன்னா, என்ன விசேஷம்ன்டு போடுவீக?"

"வேலைய விடுறதுதான் விசேஷம்."

அவர் சிரித்தார். "அது கவர்மெண்டுக்காரவுகளுக்கு மாமா. நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? ஊரு ஒத்துக்குமா? முறையின்டு ஒண்ணு இருக்குல்ல." பிறகு மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பெரிய ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னார், "நீங்க எதுக்கும் வெசனப்படாதீக. நாளைக்கே உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க சும்மா விட்ருவோமா? பூவுலயே தேரு கட்டி, கொட்டு வேட்டோட ஊரே பாக்குற மாதிரி தூக்கிருவோம்ல!"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நல்லது சொல்வதாக நினைத்துச் சொன்னார். கடையில் வேலை பார்த்த ஆட்களும் "ஆமா ஆமா" என்று தலையாட்டினார்கள்.

வெளியே வந்து ரோட்டைக் கடக்கும்போது மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "தேரு கட்டுவானாம் மாப்ள. அதுல ஏறி நான் எங்கன போயி அரிசி வாங்குறது?"

மறுநாள் ஸ்டாண்டில் பேச்சியம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "விசேஷம்தான வேணும்? ஏண்ணே, இம்புட்டு வருஷம் புள்ள மாதிரி வளத்த ஜீப்பு நிக்கிதே. அதுக்குக் காது குத்துங்க. எவன் வரமாட்டேங்குறான்டு பாப்போம்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. ஜீப்பைப் போய்ப் பார்த்தார். இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் தொட்டுப் பார்த்தார்.

நிஜமாகவே பத்திரிகை அடித்துவிட்டார். ஜீப்பு வேலையிலிருந்து ஓய்வு பெறுவதை முன்னிட்டு மலையடிவாரம் கருப்பசாமி கோயிலில் கிடாவெட்டு, சுற்றமும் நட்பும் வருக என்று. அச்சாபீஸ்காரர், "ஓய்வு உங்களுக்கா, ஜீப்புக்காண்ணே?" என்று கேட்க, "ரெண்டு பேருக்கும்தான். நான் இல்லாம அது தனியா என்ன செய்யும்?" என்றாராம். வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கோடு வைத்தார். கையில் இருந்த கடைசிக் காசு கிடாய்க்கும் அரிசிக்கும் போனது.

அன்றைக்கு ஜீப்பைக் கழுவி, சந்தனம் பூசி, மாலை போட்டு நிறுத்தியிருந்தோம். பேச்சியம்மா சாக்லெட் சுற்றிவருகிற ஜிகினாத்தாளை வளையமாக முறுக்கி இரண்டு கண்ணாடியிலும் தோடு மாதிரி தொங்கவிட்டுக் குலவை போட்டார். "ஆத்தாடி, அழுகாம குத்திக்கிருச்சு!" என்றார். கூட்டம் நன்றாகத்தான் வந்தது. கறிச்சோறு என்றால் வராமல் இருப்பார்களா? மொய் மேசையில் நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் ரேடியோசெட்டுக்காரன் மைக்கோடு உட்கார்ந்து, யார் எவ்வளவு என்று வாசிப்பான். மாமா வெள்ளைச் சட்டையில் ஜீப்பை ஒட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வழக்கமாக மேசைக்கு முன்னால் நிற்கிறவர் அன்றைக்குத்தான் மேசைக்கு அந்தப்பக்கம்.

எழுதிவிட்டுச் சாப்பிட ஒருவரும் வரவில்லை. எல்லோரும் முதலில் பந்திக்குப் போனார்கள். பெரிய ஆள் என்ன செய்கிறார் என்று பார்க்கக் காத்திருந்தார்கள்.

சிமெண்ட்கடைக்காரர் சாப்பிட்டு, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஒரு கவர் கொடுத்தார். பிரித்தேன். சின்ன நோட்டுகள், கூடவே ஒற்றை ஒற்றையாக ரூபாய் நாணயங்கள்.

"எண்ணிக்க தம்பி. என் காதுகுத்து, கல்யாணம், பால்காய்ச்சு, மூணுக்கும் மாமா எழுதினது. எங்க வீட்டு நோட்டைப் பாத்துக் கூட்டிட்டுத்தான் வாரேன். ஒத்த ரூவா கொறையாது."

போட்டதற்கு மேலே கொஞ்சமாவது சேர்த்துத்தான் திருப்பிச் செய்வது நம் பக்கத்து முறை. போட்டதை அப்படியே திருப்பினால், இனி உன் ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்று அர்த்தம். அதிலும் இது எந்தக் காலத்துக் காசு! அன்றைக்கு அந்தக் காசைச் சேர்க்க மாமா எத்தனை நாள் மலை ஏறி இறங்கியிருப்பார்? இன்றைக்கு அது ஒரு மூட்டை சிமெண்டுக்குச் சேர்ந்தால் பெரிது.

"அண்ணே, மாமா சீரெல்லாம் கொண்டு வந்தாகளே..." என்றேன்.

"சீரு தாய்மாமன் கடமை தம்பி. கடமைக்கு யாராச்சும் கணக்கு வைப்பாகளா?" என்று சொல்லிவிட்டு, மைக்குக்காரன் பக்கம் திரும்பினார். "கணக்கு நேராயிருச்சுன்டு சொல்லுப்பா."

அவன் சின்னப்பயல். அர்த்தம் தெரியாமல், மாமாவின் பெயரை முழுசாகச் சொல்லி, இன்னாருக்கும் சிமெண்ட்கடை முதலாளிக்கும் கணக்கு நேராகிவிட்டது என்று மலையில் எதிரொலிக்கிற மாதிரி வாசித்தான்.

அதற்குப் பிறகு மடை திறந்த மாதிரி வந்தார்கள். மருமகனே நேராக்கிவிட்டார், நமக்கென்ன என்று. ஒவ்வொருவரும் பழைய நோட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்திருந்தார்கள். கூடலூர்ப் பெரியவர் ஒருவர் ஐந்து ரூபாய் கொடுத்தார். அவர் கல்யாணத்துக்கு மாமா எழுதியது அவ்வளவுதானாம். மைக்கில் "ஐந்து ரூபாய்" என்று வந்ததும் பந்தியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதையும் நோட்டில் எழுதினேன். மாமா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

கடைசியில் பேச்சியம்மாவும் தோட்டத்துப் பெண்களும் வந்தார்கள். ஆளுக்கு ஒரு நாள் கூலியை முடிந்து கொண்டுவந்திருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் வீட்டில் மாமா மொய் எழுதியதே இல்லை. அப்போதுதான் மாமா மேசைக்கு வந்தார். நான் எழுதுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது வேணாம்த்தா."

"ஏண்ணே? எங்க காசு காசில்லையா?"

"நீங்க இன்னைக்கு எழுதுனா, நாளைக்கு உங்க வீட்டு விசேஷத்துக்கு நான் கூடச் சேத்துத் திருப்பணும்ல? எனக்கு இனிமே வருமானம் இல்லத்தா. எதை வச்சுத் திருப்புவேன்?" பிறகு ரேடியோசெட்டுக்காரனைப் பார்த்து, "மதி தம்பி. மைக்க அமத்து" என்றார்.

வந்த மொய் கிடாய்க்கும் அரிசிக்கும்கூடப் போதவில்லை.

மறுநாள் விடியற்காலையில் பெண்கள் தூக்குவாளியோடு ஸ்டாண்டில் நின்றார்கள். எப்படியும் ஓட்டித்தான் தீரவேண்டும், வேறு வழியில்லை என்று எல்லோரும் நினைத்தோம். மாமா நடந்து வந்தார். ஜீப்பை இரும்புக்கடைக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். நான்தான் அவசரப்பட்டு, "இன்னும் ஒரு வருஷம் பாருங்க மாமா. வெயில் நாள்ல மட்டும் ஓட்டுங்க" என்றேன். பேச்சியம்மாவும், "நான் முன்னாடி உக்காந்து வழி சொல்றேன்ணே. இம்புட்டு நாளும் சொல்லலையா?" என்றார்.

மாமா அவரை ஒருதரம் பார்த்தார். "என் பென்ஷனுக்கு உங்க உசுரையா போடச் சொல்ற?"

அப்படித்தான் அவர் ஓய்வு பெற்றார். மேளமில்லை, மாலையில்லை. அடுத்த வாரமே அதே ஸ்டாண்டில், "மெட்டு மெட்டு மெட்டு" என்று கூவி மற்றவர்களுடைய ஜீப்புக்கு ஆள் சேர்த்துவிட்டார். வண்டி நிறைந்தால் டிரைவர்கள் டீக்காசு கொடுப்பார்கள். சொட்டுமருந்து வாங்கினால் டீ இல்லை, டீ குடித்தால் மருந்து இல்லை என்று ஓடியது. அந்த டயர்மேல் உட்கார்ந்திருந்த தாத்தாவைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

பத்திரிகை மட்டும் நிற்காமல் வந்தது. கணக்கு நேராக்கியவர்களே கூச்சமில்லாமல் வந்து வைத்தார்கள். என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். யாருக்கு, எங்கே, என்றைக்கு என்று கேட்டுக்கொள்வார். அந்த நாள் வந்ததும் கடைவாசலிலேயே உட்கார்ந்திருப்பார். அந்த ஜவுளிக்கடைப் பையை அதற்குப் பிறகு அவர் திறந்து நான் பார்க்கவில்லை. "சும்மா போயி ஒரு வாய் சாப்பிட்டு வாங்க மாமா" என்றால், "வெறுங்கையோட மேசையைத் தாண்டி எப்படிப் போறது மாப்ள?" என்பார். சிமெண்ட்கடைக்காரர் மகள் சடங்குக்கும் போகவில்லை. அவருக்கு அது பெரிய குறை. கடைக்கு வந்து என்னிடமே சொன்னார், "தாய்மாமன் மொறையில இருக்கிற ஆளு. எட்டிப்பாக்கல பாருங்க. நாலு பேரு முன்னாடி எனக்கு எம்புட்டுத் தலகுனிவு?"

யாருக்குத் தலைகுனிவு?

மாமா படுத்து நாலைந்து நாளில் போய்விட்டார். ஸ்டாண்டு டிரைவர்களும் நானும் அவர் வீட்டில் ஆகவேண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மத்தியானம் ரோட்டில் கொட்டுச் சத்தம். வேட்டு. பார்த்தால் தேர் வருகிறது. செவ்வந்தியும் ரோஜாவும் அடுக்கி, நாலு பக்கமும் குஞ்சம் தொங்கவிட்டு, மயில் மாதிரி முகப்பு வைத்து. முன்னால் சிமெண்ட்கடைக்காரர் புதுக்கோடி வேட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். சொன்னசொல் தவறவில்லை பார்த்தீர்களா!

"தள்ளுங்கப்பா, முறைக்காரன் வந்திருக்கேன்" என்று வாசலில் கால் வைத்தார். பேச்சியம்மா வாசலை மறித்து நின்றார். அன்றைக்கு அவர் தோட்டத்துக்குப் போகவில்லை.

"கணக்கு நேராயிருச்சுன்டு மைக்குல சொன்னீகளே தம்பி. ஊரே கேட்டுச்சே. இப்ப எந்தக் கணக்குல கோடி போட வந்தீக?"

கொட்டு நின்றது. கூட வந்த பெரியவர் ஒருவர், "ஏம்மா, சாவு வீட்டுல பேசுற பேச்சா இது?" என்றார்.

"உசுரோட இருக்கையில கேட்டாக. விசேஷம் இல்லன்டு சொன்னீக. செத்தபெறகு கேட்டா சாவு வீடுங்கிறீக. எப்பத்தாய்யா கேக்குறது?"

சிமெண்ட்கடைக்காரர் கோடியை மடிப்புக் கலையாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். நான் உள்ளே போய் அந்த ஜவுளிக்கடைப் பையை எடுத்து, தேய்த்து மடித்திருந்த வெள்ளைச் சட்டையையும் வேட்டியையும் மாமாவுக்கு உடுத்திவிட்டேன். ஸ்டாண்டு ஜீப்பு ஒன்றில் ஏற்றினோம். முன்சீட்டில் பேச்சியம்மா உட்கார்ந்தார். காசு கொடுத்துக் கட்டிய தேர் வீணாகக்கூடாது என்று யாரோ அதையும் கொண்டுவந்தார்கள். ஜீப்புக்குப் பின்னால், அத்தனை பூவோடு, அது வெறுமனே வந்தது.

இப்போது சொல்லுங்கள், நான் எப்படி அந்தக் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காருவேன்?

தபாலாபீஸ் அக்காவிடம் நான் மாதாமாதம் கட்டுவதைப் பார்த்து நீங்கள் கஞ்சத்தனம் என்று கேலி செய்கிறீர்கள். கேலி செய்யுங்கள். லாரி டயரைக் கழற்றக் கை வலுவில்லை என்று தெரிகிற அன்றைக்கு நான் கடையைச் சாத்துவேன். அன்றைக்கு எந்த வீட்டு நோட்டில் எனக்கு என்ன இருக்கிறது என்று வட்டம் போட்டுப் பார்க்க மாட்டேன். அதற்குத்தான் இது.

ஆனால் மொய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அக்காளுக்குச் சடங்கு வைத்தபோது சிமெண்ட்கடைக்காரர் நம் வீட்டில் எழுதியிருக்கிறார். திருப்ப வேண்டியதுதான். தம்பி, நீ போய்வா. கவரை உன் கையில் தருகிறேன். அவர் எழுதியதைவிடக் கூடத்தான் வைத்திருப்பேன். நேராக்கி வைக்கிற புத்தி நம் வீட்டுக்கு வேண்டாம். மேசையில் எழுதிவிட்டு அப்புறம் பந்திக்குப் போ, சாப்பிட்டுவிட்டு எழுதாதே.

"அப்பா வரலையா?" என்று அவர் கேட்பார். கடையில் வேலை என்று பொய் சொல்லாதே. இன்னும் கோபமா இருக்காருன்னு சொல்லு.